எஞ்சின் மாற்றுகிற நேரம்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவி பாக்யலட்சுமி சட்னி அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி. மிக்சி சத்தத்தில் முதல் தடவை ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் தடவை விளங்கியது. மூன்றாம் தடவை கேட்பதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன்.

“பூவராகா, நான் கனிமொழி. நம்ம பழமலைநாதன் சார் பொண்ணுகிட்ட உன் நம்பர வாங்கினேன். கதையெல்லாம் எழுதுறியாமே, நல்லா இரு. நான் போர்ச்சுகல் போறேன். அங்க ஒரு டைல்ஸ் கம்பெனியில வேல. ஒரேயடியா போறேன், இனிமே இந்தப் பக்கம் எப்ப வருவேனோ. வியாழக்கிழம சாயங்காலம் நம்ம வண்டியிலதான் சேலம் வரேன், தம்பி வூட்டுக்கு. ஸ்டேஷனுக்கு வா. எஞ்சின் மாத்துற நேரம் இருக்குதுல்ல, எறங்கி ஒரு டீ குடிக்கலாம். அப்புறம், நம்ம கதைய எழுதி எடுத்தாந்துடு. நீ வண்டிய வுட்ட கதைய எம் பொண்ணுகிட்ட சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கேன். அவளுக்கு அது எழுத்துல வேணுமாம்.”

பதினேழு வருஷம் கழித்துக் கேட்ட குரல். கொஞ்சம் கனத்திருக்கிறது. ‘வூடு’ மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒன்றை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த வண்டிக்கு எங்கள் ஊர் விருத்தாசலத்தில் எஞ்சின் மாற்றுவது, புது வளைவுத் தடம் வந்ததோடு நின்று மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு நிமிஷம் நிற்கும், கிளம்பிவிடும். டீ ஆற்றுவதற்குள் போய்விடும். இதை நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு இட்லி சாப்பிட வந்துவிட்டேன்.

2

தொடக்கம் ஒன்று: விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து நாலா திசைக்கும் தண்டவாளம் போகிறது, ஆனால் அவன் மட்டும்

(வேண்டாம். ‘அவன்’ என்று எழுதியதுமே தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று தெரிகிறது.)

தொடக்கம் இரண்டு: அன்று மாலை வானம் சிவந்து

(சிவக்கவில்லை. ஆவணி மாசம், மப்பாக இருந்தது. அதுகூட எனக்கு நிச்சயமில்லை. நான் வானத்தைப் பார்க்கவில்லை.)

தொடக்கம் மூன்று, இதுவே இருக்கட்டும்: கிளம்பிப் போவதற்கு இங்கிலீஷ்காரன் எத்தனை சொல் வைத்திருக்கிறான்!

எங்கள் ஊர்ப் பாலக்கரையில் ஒரு மருந்துக்கடை மாடியில் பழமலைநாதன் சார் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு. வந்தவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள், எல்லாரும் ஊரைவிட்டுப் போக நினைத்தவர்கள். மங்கலம்பேட்டையிலிருந்து நான்கு பேர் கல்ஃபுக்கு. வேப்பூரிலிருந்து ஒருவர் சிங்கப்பூருக்கு. இங்கேயே இருக்கப் போகிறவனுக்கு இங்கிலீஷ் எதற்கு? ஆகையால் சார் ஒரு காரியம் செய்தார். கிளம்புவது, நகர்வது, விலகுவது என்று முப்பத்தோரு இரட்டைச் சொற்களை ஒரு தாளில் எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்.

செட் ஆஃப் என்றால் பயணம் தொடங்குவது. மூவ் அவுட், வீட்டைக் காலிசெய்வது. வாக் அவுட், கோபத்தில் எழுந்து போவது. ஸ்லிப் அவே, யார் கண்ணிலும் படாமல் நழுவுவது. டேக் ஆஃப் என்றால் விமானம் மேலே ஏறுவது. ஆசாமி திடீரென்று நடையைக் கட்டுவதும் அதுவே. பாஸ் அவேயைச் சார் பேனாவால் அடித்துவிட்டார். “அது கடைசியா போறது. அத இப்ப படிக்க வாணாம்.”

இந்த மாதிரிச் சொற்களை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்று யாரோ கேட்டார்கள். சார் சன்னல் பக்கம் கையைக் காட்டினார். “ஜங்ஷன்ல பொறந்துட்டு இதக் கேக்குறியாய்யா? டேக்கு, கெட்டு, கோவு, இதெல்லாம் வெறும் பொட்டி. பின்னால வர்ற சின்னச் சொல்லு இருக்குது பாரு, ஆஃபு, அவே, அவுட்டு, அதுதான் எஞ்சின். எந்தப் பக்கம் எஞ்சின மாட்டுறியோ அந்தப் பக்கம் போவும்.”

பட்டியலில் முப்பத்தொன்றாவது ஸ்டே பிஹைண்ட். மற்றவர்கள் போன பிறகு நின்றுகொள்வது. “கிளம்புற லிஸ்ட்டுல இது எதுக்கு சார்?” என்று கேட்டவன் நான்தான். “யாராச்சும் கிளம்பினாத்தான்யா இன்னொருத்தன் நிக்க முடியும்” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

3

கனிமொழியை இன்னும் சரியாக அறிமுகப்படுத்தவில்லை. நல்லூர்ப் பெண். விவசாயக் குடும்பம். செராமிக் காலேஜில் டிப்ளமா முடித்துவிட்டு, இங்கே தொழிற்பேட்டையில் பீங்கான் பியூஸ் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாள். வேலை முடிந்து நேரே வகுப்புக்கு வருவாள். நகக்கண்ணில் வெள்ளை மண் இருக்கும். டீக்குச் சர்க்கரை போட மாட்டாள். (இந்தச் சர்க்கரையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

என்னைப் பற்றி: கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கிற குடும்பம். தமிழ் எம்.ஏ., பி.எட்., வேலை இல்லை, வயது இருபத்தேழு. வங்கித் தேர்வுக்காக இங்கிலீஷ் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். பெண்ணைப் பார்க்கத்தான் படிக்கிறேன் என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

சார் வீட்டுப்பாடம் கொடுப்பார்: ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு உதாரண வாக்கியம். எங்கள் இருவருக்கும் ஒரே நோட்டு. ஒருநாள் அவள், ஒருநாள் நான். செட் ஆஃபுக்கு அவள் எழுதியது இது: நானும் பூவராகனும் ஆவணி மாதம் குஜராத்துக்குக் கிளம்புவோம். நான் படித்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது உதாரணமா, நெசமா?” என்றேன். “சாரு திருத்தட்டும், தெரிஞ்சுடும்” என்றாள். சார் ஒரு டிக் போட்டுக் கொடுத்தார். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அவ்வளவு அழகாகக் காதலைச் சொன்னதில்லை. சொல்லப்போனால் வேறு யாரும் சொன்னதே இல்லை.

குஜராத்தில் மோர்பி என்கிற ஊரில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. போய்ச் சேர்ந்ததும் பதிவுத் திருமணம் என்று முடிவு. இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது கேட்காமலே தெரியும். ரன் அவே என்பதற்கு நான் எழுதிய வாக்கியத்தை இங்கே எழுத மாட்டேன். வெட்கமாக இருக்கிறது.

4

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். உள்ளூர்க்காரர்கள் தாண்டிப் போகலாம்.

வடக்கேயிருந்து வருகிற அந்த வண்டி அப்போதெல்லாம் எங்கள் ஊரில் திரும்பி மேற்கே போக வேண்டியிருந்தது. அதனால் முன்னாலிருக்கிற எஞ்சினைக் கழற்றிவிட்டு, வாலில் வேறொரு எஞ்சினை மாட்டுவார்கள். இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆகும். (வண்டியின் எண் என்ன, எந்தத் தடம் என்று ரயில் விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வராதீர்கள். இது நான் விட்ட வண்டி, நான் சொன்னபடிதான் போகும்.) வெளியூர்க்காரன் அந்த நேரம் முழுக்கப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். விருத்தாசலத்துக்காரன் அப்படி இல்லை. மூட்டையைச் சீட்டில் போட்டுவிட்டு இறங்கி, டீ குடித்து, தெரிந்தவனிடம் வம்பளந்து, எஞ்சின் வந்து மோதுகிற அந்த ‘டங்’ சத்தம் கேட்ட பிறகு ஆற அமர ஏறுவான். எஞ்சின் மாட்டாத வண்டியை எங்கள் ஊரில் யாரும் வண்டியாக மதிப்பதில்லை.

அதனால்தான் நான் வண்டியை விட்ட கதையை ஊரே நம்பியது. அதன் சுருக்கம் இதுதான். இருவரும் ஏறினோம், சேலத்தில் இறங்கி குஜராத் வண்டி பிடிப்பதாகத் திட்டம். என் பை, அதற்குள் இரண்டு சட்டை, அந்த நோட்டு, எல்லாம் சீட்டில். “எஞ்சின் மாத்த நேரம் இருக்குது, டீ வாங்கியாறேன்” என்று இறங்கினேன். அன்றைக்கென்று மாற்று எஞ்சின் முன்கூட்டியே தயாராக நின்றிருந்தது. எட்டே நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிட்டது. கையில் இரண்டு டீயோடு பூவராகன் நிற்கிறான்.

மறுநாள் காலைக்குள் கதை பேருந்து நிலையம் வரைக்கும் போயிருந்தது. எனக்கு ‘எஞ்சின் மாத்தி’ என்று பெயர் வைத்தார்கள். அப்பா ஒரு வாரம் பேசவில்லை, பிறகு மாலை கட்ட வாழைநார் கிழிக்கச் சொன்னார். கனிமொழி மோர்பி போய்ச் சேர்ந்து, சாருக்குப் போன் செய்து, என்மேல் கோபம் இல்லை, ஊர்ப்புத்தி யாரை விட்டது என்று சொன்னாளாம். என் பையைத் தம்பி மூலம் அனுப்பினாள். நோட்டு மட்டும் வரவில்லை. கிளம்பி வா என்று அவளும் கூப்பிடவில்லை, வருகிறேன் என்று நானும் எழுதவில்லை. அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மங்கலம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு என் கிளம்பல் என்பது காலை எட்டே கால் பஸ்தான்.

இந்த வடிவத்தைத் திங்கட்கிழமை எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். அவள் மகள் கேட்டது இதைத்தான். நன்றாகச் சிரிப்பாள்.

5

செவ்வாய்க்கிழமை பாக்யலட்சுமி அதைப் படித்துவிட்டாள். ஒளித்தெல்லாம் வைக்கவில்லை, ஒளித்தால்தான் படிப்பாள் என்று மேசைமேலேயே வைத்திருந்தேன். கணக்குத் தப்பிவிட்டது.

“ஏங்க, ஓடிப்போவ இருந்த கதைய எழுதுறதுக்குப் பொண்டாட்டிகிட்டயே காப்பி கேக்குறீங்களே, உங்களுக்கே ஞாயமா இருக்குதா?”

“நீதான் கல்யாணத்துக்கு முன்னாலயே கேள்விப்பட்டதாச்சே பாக்யம்.”

“கேள்விப்பட்டேன். எங்க அண்ணன் சொல்லிச் சிரிச்சாரு.” தாளை மடித்து மேசைமேல் வைத்தாள். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா பொய்யி.”

“என்ன பொய்யி?”

“நம்ம கல்யாணம் ஆன வாரம் எங்கம்மாவ ரயிலேத்திவுடப் போனமே, அப்ப அந்த டீக்கடையில நின்னேன். அங்கேருந்து பாத்தா சிக்னலு மூஞ்சிக்கு நேரா இருக்குது. ஜங்ஷன் சத்தத்துலயே பொறந்து வளந்தவங்க நீங்க. சிக்னல் போட்டது உங்களுக்குத் தெரியலயாக்கும்?”

நான் காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?” என்றேன்.

“கேட்டு என்ன பண்றது? நின்னதாலதான எனக்குக் கெடச்சீங்க. எனக்கு அது லாபந்தான்.” காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டாள். “அந்தப் பொண்ணுக்குத்தான் சொல்லணும். பாவம், அது எஞ்சின் மேல பழி போட்டுக்கிட்டு இத்தன வருஷம் இருக்குது.”

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளன் கதையை முடித்திருப்பான். எனக்குத் தொல்லையே இங்கிருந்துதான் தொடங்கியது.

6

சரி, உண்மை வடிவம். இதற்கு ஆறு பக்கம் ஆனது. நீங்கள் இதுவரை படித்ததில் பெரும்பங்கு அதிலிருந்து எடுத்ததுதான். அதன் முக்கியமான பகுதி சின்னது.

டீக்காரர் இரண்டு டீயை நீட்டினார். வாங்கினேன். ‘டங்’ என்று எஞ்சின் மோதிய சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். சிக்னல் பச்சை. எங்கள் பெட்டி இருபது அடி தள்ளி நின்றது. நடந்தே போய் ஏறியிருக்கலாம். எனக்கு அப்போது

(இந்த வாக்கியத்தை ஐந்து தடவை எழுதி அடித்திருக்கிறேன். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது என்று ஒரு தடவை. மோர்பியில் எந்த மொழியில் பேசுவது என்று ஒரு தடவை. அவள் சம்பாதிக்க, நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேனோ என்று ஒரு தடவை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. மொத்தத்தில் பயம். வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.)

நான் டீக்காரர் பக்கம் திரும்பினேன். “ஒண்ணுல மட்டும் சக்கரை கொஞ்சம் கூட போடுங்க” என்றேன். கனிமொழி சர்க்கரை போட மாட்டாள். எனக்கு ஏற்கெனவே போட்டிருந்தது. யாருக்கும் வேண்டாத அந்த ஒரு கரண்டிச் சர்க்கரை கரைகிற வரைக்கும் நான் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் வண்டி நகர்கிற சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் கப் சுட்டு விரல் சிவந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

இதுதான் நடந்தது. ஸ்டே பிஹைண்ட் என்பதற்கு உதாரண வாக்கியம் நான் எழுதாமலே விட்டிருந்தேன். எழுதியாகிவிட்டது.

7

கிளம்புவதற்கு முன்பே முடிவு எழுதிப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. புதன்கிழமை இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: இரண்டு பக்கக் கதையைக் கொடுக்கிறேன். அவள் வண்டியிலேயே பிரித்துப் படித்துச் சிரிக்கிறாள். போர்ச்சுகல் வரைக்கும் அந்தச் சிரிப்பு போகிறது. யாருக்கும் சேதமில்லை.

முடிவு ஆ: ஆறு பக்கத்தைக் கொடுக்கிறேன். சேலம் போவதற்குள் படித்து முடிக்கிறாள். இத்தனை வருஷமாக மகளுக்குச் சொன்ன வேடிக்கைக் கதை அவள் கையிலேயே செத்துப்போகிறது. என்னை எந்தச் சொல்லால் திட்டுவாள் என்று எழுத முயன்றேன், வரவில்லை.

வியாழக்கிழமை சட்டைப் பையில் இரண்டு பக்கக் கவரை வைத்துக்கொண்டேன். ஆறு பக்கத்தைத் தோள்பையின் அடியில், டிபன் பாக்ஸுக்குக் கீழே திணித்தேன். எது கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தது என்று கவனித்திருப்பீர்கள். பாக்யலட்சுமியும் கவனித்தாள். “போயிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

8

இந்தப் பகுதியை வியாழக்கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். மேலே உள்ள இரண்டு முடிவையும் அடித்துவிடலாம். அப்படியே இருக்கட்டும், என் யோக்கியதை உங்களுக்குத் தெரியட்டும்.

வண்டி வந்தது. நின்றதும் கனிமொழி இறங்கிவிட்டாள். கையில் எங்கள் பழைய நோட்டு மட்டும். பெட்டி, பை எல்லாம் உள்ளே. காதோரம் நரை. சிரிப்பு அதே சிரிப்பு. இத்தனை ஊர் சுற்றியும் விருத்தாசலத்துக்காரியாகத்தான் இறங்கினாள்.

“டீ சொல்லு. எனக்குச் சக்கரை வாணாம், மறந்துட்டியா?”

தூரத்தில் சிக்னலைப் பார்த்தேன். பச்சை. டீக்கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. நான் பேசாமல் இருந்தால் போதும். அவள் வண்டியும் போய்விடும், எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிடுவாள், ஊரும் சிரிக்கும்.

“கனி, இப்ப எஞ்சின் மாத்துறதில்ல. ரெண்டு நிமிஷந்தான். சிக்னல் போட்டுட்டான், ஏறு.”

“என்ன சொல்ற?”

“ஏறுன்னா ஏறு!”

ஏறிவிட்டாள். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். சிரிப்பைக் காணோம்.

“நீ சொல்லிட்ட” என்றாள். “அன்னைக்கி நான் சொல்லல பூவராகா.”

“என்ன?”

“சன்னல்லேருந்து சிக்னலப் பாத்தேன். நீ டீக்காரருகிட்ட என்னமோ பேசிக்கிட்டு முதுகக் காட்டி நின்ன. ஒரு குரல் குடுத்திருந்தா ஓடியாந்திருப்ப. குடுக்கல. தனியா போனா என்னன்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சி. ஒரு நிமிஷந்தான். அதுக்குள்ள வண்டி எடுத்துட்டான்.” கம்பியை இறுக்கிப் பிடித்தாள். “ஊரெல்லாம் உன்ன ‘எஞ்சின் மாத்தி’ன்னு சொன்னாங்களாமே. தப்பு என்னுது. நேர்ல சொல்லிட்டுப் போவணும்னுதான் வந்தேன். டீயெல்லாம் சும்மா.”

நோட்டை என் கையில் திணித்தாள். வண்டி நகர்ந்தது.

பதினேழு வருஷமாக நான் ஒருத்தன்தான் சுமக்கிறேன் என்று இருந்தேன். அவளும் அதே எடையைக் குஜராத்தில் சுமந்திருக்கிறாள். இப்போது கடல் தாண்டியும் கொண்டுபோகப் போகிறாள், தான் கூப்பிடாததால்தான் ஒரு நல்லவன் வண்டியை விட்டான் என்று நம்பிக்கொண்டு. கத்தினேன். “கனி, நானும்” என்பது வரைக்கும் எனக்கே கேட்டது. மிச்சத்தை எஞ்சின் ஊதல் விழுங்கிவிட்டது.

(வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே என்பீர்கள். கட்டைவிரல் அனுப்பியவனிடம் அதைச் சொல்லாதீர்கள். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போவேன். என்னை எனக்குத் தெரியும்.)

சட்டைப் பைக்குத்தான் கை முதலில் போனது. அங்கிருந்த இரண்டு பக்கக் கவரைத் தொட்டுவிட்டு, எடுக்காமலே திரும்பியது. தோள்பையைத் திறந்தேன். டிபன் பாக்ஸ் கீழே விழுந்து உருண்டது. ஆறு பக்கக் கவரை உருவிக்கொண்டு ஓடினேன்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. இடது முட்டியில் வலி. வேட்டி தடுக்குகிறது. மங்கலம்பேட்டையில் படிக்கிற என் மாணவன் எவனாவது பார்த்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பான். டீக்கடையைத் தாண்டினேன். அன்றைக்கு நான் தாண்டாத இடம் அது. டீக்காரர் “வுடாதீங்க சார், ஓடுங்க” என்று கத்தினார். அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையை வெளியே நீட்டினாள். கவரைப் பார்த்துவிட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம், பிறகு ஒரு சாண், பிறகு மறுபடியும் ஒரு முழம். பிளாட்பாரம் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

எட்டியதா இல்லையா என்று நான் எழுதப் போவதில்லை. அதை எழுதினால் எட்டியது என்றுதான் எழுதுவேன், என்னை நீங்கள் நம்ப மாட்டீர்கள். இரண்டு பக்கத்தை இவ்வளவு நன்றாகப் பொய்யாக எழுதியவன்தானே.

அதனால் இதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அந்தப் பெட்டியில், கதவோரத்தில், அவளுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடிவருகிறான், கையில் ஒரு கவர்.

கொஞ்சம் கையை நீட்டுங்கள்.